கணினி கேள்வி - பதில்: வீட்டுக்கு வேர்டு வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகளுக்கு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்று வாங்கினோம். விண்டோஸ் இருக்கிறது, வேர்டு இல்லை. 300 ரூபாய் கொடுத்தால் 'லைஃப்டைம்' வேர்டு போட்டுத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். போட்டுக்கொள்ளலாமா? இல்லை, இலவசமாகவே நல்லது ஏதாவது உண்டா?
- வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம்மா. 300 ரூபாய்க்கு அவர் போடப்போவது பெரும்பாலும் கிராக் செய்த, அதாவது உரிமம் இல்லாத திருட்டு வேர்டு. அதை ஓடவைக்க ஆக்டிவேட்டர் என்று ஒன்றைப் போட வேண்டும், அதைப் போட ஆன்டிவைரஸை அணைக்க வேண்டும், வேலை முடிந்த பிறகு அதைத் திரும்ப ஆன் செய்ய நிறையப் பேர் மறந்தும் போகிறார்கள். ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், வங்கிக் கணக்கு எல்லாம் அதே லேப்டாப்பில்தான் உங்கள் மகள் பார்க்கப்போகிறாள். அந்த ஆக்டிவேட்டருக்குள் யார் எதை வைத்திருக்கிறார்கள் என்று கடைக்காரருக்கே தெரியாது.

முதலில் கல்லூரியில் ஒரு வார்த்தை கேளுங்கள். மாணவர்களுக்குக் கல்லூரியின் பெயரிலேயே மின்னஞ்சல் கொடுக்கும் இடங்களில், அதை வைத்து வேர்டு அடங்கிய மைக்ரோசாஃப்ட் 365-ஐ இலவசமாகப் பயன்படுத்த வழி இருக்கலாம். அது இல்லையென்றாலும், சாதாரண மைக்ரோசாஃப்ட் கணக்கு தொடங்கினால் பிரவுசரில் வேர்டு இலவசம்தான், 5 ஜிபி இடமும் தருகிறார்கள். சில வசதிகள் குறைவு, இணையம் வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் என்னைக் கேட்டால், லேப்டாப்பில் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டுவிடுங்கள் என்பேன். டவுன்லோடு சில நூறு எம்பிதான். சந்தா கிடையாது, கணக்கு தொடங்க வேண்டாம், நெட் இல்லாமலும் ஓடும். வேர்டுக்கு பதில் ரைட்டர், எக்செலுக்கு கால்க், பவர்பாயின்டுக்கு இம்ப்ரெஸ் என்று மூன்றும் ஒன்றாகவே வரும். போட்டவுடன் டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய், லோட்-சேவ் பகுதியில் எப்போதும் வேர்டு வடிவத்திலேயே சேமிக்கும்படி மாற்றிவிடுங்கள். அசைன்மென்ட் அனுப்பும்போது 'திறக்கவில்லை' என்று பேராசிரியர் திருப்பி அனுப்பும் தொல்லை பெருமளவு குறைந்துவிடும்.

கேள்வி: 2003 வாக்கில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த என் கட்டுரைகள் வேர்டு கோப்புகளாக இருக்கின்றன. லிப்ரே ஆபீஸில் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் குழப்பம். புதிதாகத் தமிழில் அடித்தாலும் எழுத்துகள் நான் வைத்த எழுத்துருவில் வருவதில்லை. மென்பொருளில்தான் கோளாறா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

பதில்: கோளாறு மென்பொருளில் இல்லை ஐயா. பாமினியில் 'தமிழ்' என்று நீங்கள் அடித்தபோது கோப்புக்குள் போய் உட்கார்ந்தது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுப்பது அந்த எழுத்துரு மட்டுமே. அதனால் பாமினி எழுத்துருக் கோப்பைப் புதிய கணினியில் நிறுவினாலே பழைய கட்டுரைகள் பெரும்பாலும் தெரிய ஆரம்பித்துவிடும். அந்தக் கோப்புகளிலேயே மேற்கொண்டு அடிப்பதாக இருந்தால் ஆட்டோ கரெக்டை அணைத்துவிடுங்கள். ஆங்கில வாக்கியம் என்று நினைத்து முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கிவிடும், பாமினியில் சிறிய ஜே 'த', பெரிய ஜே 'து', ஆக நீங்கள் 'தமிழ்' என்று அடித்தது 'துமிழ்' என்று நிற்கும்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறைக்கு மாற்றிவிடுங்கள், இதற்கு என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள், நடுவில் கலந்திருக்கும் ஆங்கிலச் சொற்களும் அடைப்புக்குறி, மேற்கோள்குறிகளும்தான் பெரும்பாலும் சிதையும். இருபது ஆண்டு உழைப்பு ஓர் எழுத்துருவை நம்பி நிற்பது எனக்குப் பயமாக இருக்கிறது. யூனிகோடில் இருந்தால் நாளை உங்கள் பேரப்பிள்ளைகள் எந்தக் கணினியில், எந்த போனில் திறந்தாலும் படிக்கலாம், ஒரு பெயரைச் சொல்லித் தேடவும் செய்யலாம்.

இரண்டாவது சிக்கல், லிப்ரே ஆபீஸுக்குப் புதிதாக வரும் தமிழர் பலரும் முட்டிக்கொள்ளும் இடம். அது ஆங்கிலத்துக்கு ஒன்று, தமிழ், இந்தி, அரபு போன்றவற்றுக்கு ஒன்று என்று எழுத்துருவைத் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்பதை டிக் செய்து, பக்கத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் அதே ஆப்ஷன்ஸில் ரைட்டர் பிரிவுக்குள் 'பேசிக் ஃபான்ட்ஸ்' இரண்டு முறை இருப்பதைப் பார்ப்பீர்கள். சிடிஎல் (காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டின் சுருக்கம்) என்று போட்டிருப்பதுதான் நமக்கானது. அங்கே நிர்மலா யுஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ், அளவு 12 என்று வைத்துவிட்டால், அதன்பின் திறக்கும் ஒவ்வொரு புதிய பக்கமும் ஒழுங்காக வரும்.

கேள்வி: வீட்டில் லிப்ரே ஆபீஸில் ஒரே பக்கத்துக்கு அடித்த பயோடேட்டா, பிரவுசிங் சென்டர் வேர்டில் இரண்டு பக்கமாகிவிடுகிறது. ஏன்?
- வாசகர், விழுப்புரம்

பதில்: எழுத்துருதான் முதல் சந்தேகம். ரைட்டர் தானாக எடுத்துக்கொள்ளும் லிபரேஷன் செரிஃப் அந்த சென்டர் கணினியில் இருக்காது, வேர்டு வேறொன்றைப் போட்டுக்கொள்ளும், வரிகள் நகரலாம். டைம்ஸ் நியூ ரோமன் வைத்துக்கொள்ளுங்கள். பெயர், தேதி எல்லாம் நேராக நிற்க ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நகர்த்தியிருந்தால் அதையும் மாற்றி, கோடு தெரியாத டேபிள் போட்டுவிடுங்கள். பிரிண்ட் எடுக்க மட்டும் என்றால் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். ரைட்டரில் அதற்கு மேலேயே ஒரு பட்டன் இருக்கிறது.

கேள்வி: எதையும் நிறுவ விருப்பமில்லை, போனிலும் கணினியிலும் மாறி மாறி எழுதுவேன். கூகுள் டாக்ஸ் போதாதா?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: தாராளமாகப் போதும். 15 ஜிபி இடம் இலவசம், ஆனால் ஜிமெயிலும் போட்டோக்களும் அதே இடத்தைத்தான் பங்குபோடும். கணினியில் குரோம் வழியாகத் திறந்து, டூல்ஸில் வாய்ஸ் டைப்பிங் போய்த் தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசினால் தமிழிலேயே எழுதிக்கொள்ளும். முற்றுப்புள்ளி, காற்புள்ளியை நாம்தான் போட வேண்டியிருக்கும், ஆனாலும் தட்டச்சு தெரியாத அம்மா, அப்பாவுக்கு இதைவிட நல்ல வசதி இலவசத்தில் நான் பார்க்கவில்லை. நெட் அடிக்கடி போகும் ஊர் என்றால் ஆஃப்லைன் வசதியை முன்கூட்டியே ஆன் செய்து வையுங்கள், நெட் போன பிறகு அதைச் செய்ய முடியாது.

கூகுள் டாக்ஸ் போலவே பிரவுசரில் ஓடும் சோஹோ ரைட்டரையும் ஒருமுறை திறந்து பாருங்கள். 2005-லிருந்து இருக்கிறது, நம் சென்னை நிறுவனத்துடையது, தனிநபருக்கு இலவசம், திரையில் விளம்பரம் கிடையாது. நீளமாக எழுதுபவர்களுக்கு அதன் திரை கூகுளுடையதைவிடக் கண்ணுக்கு அமைதியாக இருக்கும் என்பது என் கருத்து. எதை எடுத்தாலும் முக்கியமானவற்றை மாதம் ஒருமுறை டவுன்லோடு செய்து பென் டிரைவில் வையுங்கள். கணக்கு முடங்கினால் கையில் ஒன்றும் இருக்காது.

கேள்வி: ஓப்பன் ஆபீஸ், லிப்ரே ஆபீஸ் இரண்டும் ஒன்றா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: ஒரே வேரிலிருந்து வந்தவை. ஓப்பன் ஆபீஸை வைத்திருந்த சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2010-ல் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனதும், அதை உருவாக்கியவர்களில் பலர் பிரிந்து வந்து தொடங்கியதுதான் லிப்ரே ஆபீஸ். புதிய வசதிகள் இதில்தான் தொடர்ந்து வருகின்றன, ஓப்பன் ஆபீஸில் பல ஆண்டுகளாகச் சிறு திருத்தங்கள் மட்டுமே. லிப்ரேவைப் போடுங்கள், பழையதில் சேமித்த கோப்புகளையும் அது அப்படியே திறக்கும்.