ஞாயித்துக்கிழமைக்கு அஞ்சு செய்தி போதும் தம்பி

கேள்வி: அக்கா, நான் மதுரை பக்கம் திருமங்கலம். டிப்ளமோ முடிச்சிட்டு அப்பாவோட ஸ்பேர் பார்ட்ஸ் கடையைப் பாத்துக்கிறேன். நம்ம பக்கம் தொழில் பண்ற 140 பேர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்புக்கு வாராவாரம் ஸ்டார்ட்அப், தொழில் செய்தியெல்லாம் தொகுத்து அனுப்புறேன். 25 செய்தி சேக்குறதுக்குள்ள சனிக்கிழமை ராத்திரி 2 மணி ஆயிருது, யாரும் படிக்கிற மாதிரியும் தெரியல. விட்டுறவா?

பதில்: விட்றாதீங்க தம்பி, நம்ம ஊர்ல இதை யாராச்சும் செய்யணும். ஆனா 25 வேணாம், அஞ்சு போதும்.

படிக்கிறவங்க யாருன்னு முதல்ல பாருங்க. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல ஒரு அண்ணன் மல்லியை எடை போட்டுக்கிட்டே ஈரக்கையை வேட்டில துடைச்சிட்டு போனைத் தள்ளித் தள்ளிப் பாத்தாரு, அடுத்த ஆள் வந்ததும் பைக்குள்ள போட்டுட்டாரு, அவருக்கு இருந்தது அரை நிமிஷம்தான். அந்த அரை நிமிஷத்துல பெங்களூர் கம்பெனிக்கு எத்தனை கோடி ஃபண்டிங் வந்துச்சுங்கிறது அவருக்கு எதுக்கு?

புதுசா தொழில் தொடங்குறவங்களுக்குத் தமிழ்நாடு அரசு மானியம் தர்ற நீட்ஸ் (NEEDS) திட்டத்தையே எடுத்துக்கங்க. "தொழில் தொடங்க 75 லட்சம் மானியம்"னு தலைப்பைப் பாத்ததும் நாமளும் அப்படியே ஃபார்வர்ட் பண்ணிருவோம். ஆனா மானியம் ப்ராஜெக்ட் செலவுல 25 சதவீதம், 75 லட்சம்ங்கிறது உச்சவரம்பு, அப்ப 3 கோடிக்கு ப்ராஜெக்ட் போட்டாத்தான் அந்தத் தொகை வரும், 20 லட்சத்துல ஆரம்பிக்கிறவருக்கு 5 லட்சம். அதுவும் டிகிரி, டிப்ளமோ, ஐடிஐ மாதிரி படிச்சிட்டு, முதல் தலைமுறையா தொழில் தொடங்குறவங்களுக்குத்தான், மாவட்டத் தொழில் மையத்துல போய் விசாரிக்கணும். இந்த நாலு வரி எழுதுறதுதான் தம்பி உங்க வேலை, மீதி எல்லாம் யார் வேணா அனுப்பிருவாங்க.

தேதி ரொம்ப முக்கியம். ஏஞ்சல் டாக்ஸை, அதாவது கம்பெனி தன் பங்கை நியாயமான மதிப்புக்கு மேல வித்தா அந்தக் கூடுதல் பணத்துக்குப் போட்ட வரியை, எடுக்கிறோம்னு சொன்னது 2024 ஜூலை பட்ஜெட்ல, சட்டத்துல நடைமுறைத் தேதின்னு போட்டது 2025 ஏப்ரல் 1. ஒரு தேதியை மட்டும் நீங்க எழுதி, அதை நம்பி ஒருத்தர் கணக்குப் போட்டுட்டா பாவம்ல. ரெண்டு தேதியையும் போடுங்க. அப்புறம் 1 மில்லியன்னா 10 லட்சம், அதைக் கோடின்னு போட்டுர்ற தப்பு நிறையப் பேர் பண்றாங்க, நானும் ஆரம்பத்துல பண்ணி ஒரு வாசகர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். "பேச்சுவார்த்தை நடக்குது"ன்னு வர்றதை "பணம் கிடைச்சிருச்சு"ன்னு மாத்திறாதீங்க.

வாரம் பூரா கண்ணுல படுறதை உங்க நம்பருக்கே அனுப்பி வச்சுக்கங்க, வெள்ளிக்கிழமை கடை சாத்துனதும் உக்காந்து வெட்டுங்க. நம்ம ஊர் ஆளுக்கு இதனால என்னன்னு ஒரு வரி எழுத முடியலைனா அந்தச் செய்தியைத் தூக்கிருங்க. அஞ்சுல ஒண்ணாவது மதுரைச் செய்தியா இருக்கட்டும்.

இந்த ஞாயித்துக்கிழமை நீட்ஸ் ஒண்ணை மட்டும் அனுப்பிப் பாருங்க. எவ்வளவு கிடைக்கும், எங்க போகணும்னு ரெண்டு பேராச்சும் திருப்பிக் கேப்பாங்க, அடுத்த வாரத்தை அதுல இருந்து ஆரம்பிங்க.