பரிசோதனை விதிகள் இறுகினால் வன்னியில் பாவித்த வாகன வியாபாரம் என்னவாகும்?

வாகனப் பரிசோதனை விதிகளைக் கடுமையாக்கினால் பாவித்த வாகனங்களை வாங்கி விற்பவர்கள் நட்டப்படுவார்களா, கொழும்பிலிருந்து தொலைவில் இருக்கும் வன்னி போன்ற இடங்களில் அதன் தாக்கம் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். வவுனியாவில் ஏ9 வீதியோரமாகச் சிறியதொரு வாகன விற்பனை நிலையத்தை நடத்துபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். விதி இறுகுவது எங்களுக்குப் பெரிய கேடில்லை. அது ஓரிடத்தில் முன்னதாகவும் இன்னோரிடத்தில் பிந்தியும் இறுகுவதுதான் எங்களை அடிக்கிறது.

பாவித்த வாகனம் எப்போதும் தளர்வான இடத்தை நோக்கித்தான் நகரும். ஜப்பானில் புதிய கார் ஒன்று மூன்று ஆண்டுகள் முடிந்ததும் முதலாவது கட்டாயப் பரிசோதனைக்கும், அதன் பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் உட்பட வேண்டும். ‘ஷாக்கென்’ எனப்படும் அந்தப் பரிசோதனையோடு வரியும் கட்டாயக் காப்புறுதியும் திருத்தச் செலவும் ஒன்றாகச் சேர்ந்து வருவதால், அடுத்த தவணை நெருங்கும்போதே காரை மாற்றிவிடும் சொந்தக்காரர்கள் அங்கே ஏராளம். அவர்கள் கைவிடும் கார்களில் ஒரு பகுதிதான் ஏலத்துக்குப் போய்க் கப்பலேறி எங்கள் கைக்கு வருகிறது. இந்த நகர்வு உலகளாவியது. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2015 முதல் 2018 வரையான காலத்தில் 1 கோடியே 40 இலட்சம் பாவித்த இலகு ரக வாகனங்கள் நாடு விட்டு நாடு போயிருக்கின்றன. அவற்றில் 80 சதவீதமானவை வறிய, நடுத்தர வருமான நாடுகளுக்கே சென்றன. நெதர்லாந்துத் துறைமுகங்களினூடாக ஆபிரிக்காவுக்கு ஏற்றப்பட்ட வாகனங்களில் பெரும்பாலானவற்றுக்கு, ஏற்றப்படும் வேளையில் வீதியில் ஓடத் தகுந்தவை என்ற செல்லுபடியான சான்றிதழே இருக்கவில்லை என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது.

நாட்டுக்குள்ளும் இதே ஓட்டம் உண்டு. கொழும்பில் ஒரு நிறுவனம் கழித்துவிடும் வான், அநுராதபுரத்தில் ஒரு கை மாறி, வவுனியாவில் இன்னொரு கை மாறி, ஈற்றில் மாங்குளத்துக்கு அப்பாலோ மடுப் பக்கத்திலோ போய் நிற்கும். மேலேயுள்ள குளம் நிரம்பி வழிந்தால் அடுத்த குளத்துக்குத் தண்ணீர் வருவது போலத்தான் இதுவும். ஆனால் எங்களுக்குக் கீழே இன்னொரு குளம் இல்லை. கொழும்பு வியாபாரிக்குத் தேறாத வாகனத்தைத் தள்ளிவிட வடக்கும் கிழக்கும் இருக்கின்றன. முல்லைத்தீவில் தேறாத வாகனத்தை எங்கே கொண்டுபோய் விற்பது? அது உதிரிப்பாகங்களாகக் கழற்றப்படும். இல்லாவிட்டால் வரிப்பத்திரம் இல்லாமல் வயலுக்கும் வீட்டுக்கும் இடையில் மட்டும் ஓடும். ஆகவே விதி நாடு முழுவதும் ஒரே நாளில், ஒரே அளவில் இறுகினால் நாங்கள் பிழைத்துக்கொள்வோம். மேல் மாகாணத்தில் மட்டும் உண்மையாக இறுகி, இங்கே வெறும் கடதாசி அளவில் நின்றால், முதல் இரண்டு வருடம் மலிவான வாகனங்கள் வந்து குவியும், வியாபாரமும் கொழிக்கும். பிறகு ஒரு நாள் இங்கேயும் இறுகும்போது, முற்றத்தில் நிற்பவை முழுவதும் எங்கள் தலையில் விழும்.

இப்போதைய பரிசோதனை எதைப் பார்க்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வரிப்பத்திரம் என்று நாங்கள் சொல்லும் வருமான அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிப்பதற்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். இந்தப் புகைப் பரிசோதனைத் திட்டம் 2008இல் தொடங்கியது. லொறி, பஸ் போன்றவற்றுக்கு அதற்கு மேலாகத் தகுதிச் சான்றிதழும் கேட்கப்படும். சொந்தப் பாவனைக்கான காருக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ அது கேட்கப்படுவதில்லை. அதாவது கார் ஒன்று இருபது வருடம் ஓடினாலும் அதன் பிறேக்கையும் அடிச்சட்டத்தையும் ஸ்டியரிங் மூட்டுகளையும் சட்டத்தின் பெயரால் ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. வாங்க வருபவர்களில் பலருக்கு இது தெரியாது. “அண்ணை, புகைச் சேட்டிபிக்கற் இருக்குத்தானே, பிறகென்ன?” என்று என்னிடமே கேட்பார்கள். அந்தச் சான்றிதழ் குழாயால் வெளியே வருவதைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

அதையும் முழுமையாகப் பேசுவதில்லை. டீசல் வாகனத்தை நிறுத்தி வைத்து, அக்சிலேற்றரை அடிவரை மிதித்து, கிளம்பும் புகையின் அடர்த்தியை அளப்பதே சோதனை. பழைய வான் தேறாது என்று தெரிந்தால், முதல் நாளே கராஜில் டீசல் பம்பின் திருகை இறக்கி எண்ணெய் குறைவாகப் பாயும்படி செய்து, காற்று வடியை மாற்றி, எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை வீதியில் ஓட்டிவிட்டுக் கொண்டுபோவார்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் திருகு பழைய இடத்துக்கு ஏறிவிடும், ஏனென்றால் அப்படியே விட்டால் வானுக்கு இழுவை இருக்காது, ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட முடியாது. ஹைபிரிட் காரின் கதை வேறு. நிற்கும்போது அதன் எஞ்சின் தானாக அணைந்துவிடும் என்பதால், பரிசோதனைக்கென உள்ள நிலைக்கு மாற்றி எஞ்சினை ஓடவிட்டுத்தான் அளக்க வேண்டும். அந்த அளவீட்டில் அது சுலபமாகத் தேறிவிடும். வாங்குபவரின் பல இலட்சங்களை விழுங்கக்கூடிய பற்றரியைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரிகூட இராது.

வன்னி வாகனங்களுக்கென்று சில நோய்கள் உண்டு. வயல் வரம்பிலும் குளக்கட்டுப் பாதையிலும் கிரவல் ஒழுங்கையிலும் ஓடியவற்றின் கீழ்ப்பகுதியில் செம்மண் அப்பிப் பிடித்து, மாரியில் ஈரம் காக்கும். அதைவிட மோசமானது மீன். முல்லைத்தீவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் மீன் ஏற்றிய ‘பட்டா’ எனப்படும் சிறிய லொறிகளின் பெட்டியிலிருந்து ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் அடிச்சட்டத்தின் மேல் இரவு பகலாகச் சொட்டும். அப்படியொரு பட்டா விற்பனைக்கு வந்தது. வெளியே புதிய வெள்ளைப் பெயின்ற், உள்ளே புதிய சீற் உறை, அடியில் கறுப்புத் தார்ப் பூச்சு பளபளத்தது. என்னோடு வேலை செய்யும் மெக்கானிக் படுத்தபடியே கீழே நகர்ந்து, சிறிய சுத்தியலால் முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டு போனார். பெட்டியின் வடிகால் துளைக்கு நேர் கீழே வந்ததும் கணீரென்ற சத்தம் மங்கியது. அங்கே திருகாணிச் செலுத்தியை வைத்து அழுத்தினார், பூச்சைக் கிழித்துக்கொண்டு முனை உள்ளே போனது; உள்ளங்கை அகலத்துக்குத் துரு தகடு தகடாக உதிர்ந்தது. புகைப் பரிசோதனையில் அந்த வாகனம் தேறியிருந்தது, வரிப்பத்திரமும் நடப்பாண்டுக்கு இருந்தது, சட்டப்படி அதை விற்பதற்கு எந்தத் தடையும் இல்லை. நாங்கள் எடுக்கவில்லை. வேறெங்கோ அது விலைபோயிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்தச் சுத்தியல் வேலையைச் சட்டம் கட்டாயமாக்கினால் எங்கள் கணக்கு எப்படி மாறும் என்று பாருங்கள். வன்னியில் என்னைப் போன்ற சிறு நிலையங்களில் நிற்கும் வாகனங்கள் பல எங்களுடையவை அல்ல. சொந்தக்காரர் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போவார், விற்றால் எங்களுக்குத் தரகு. பரிசோதனையில் தேறாவிட்டால் திருத்தச் செலவு யாருடையது என்று இன்றுவரை ஒருவரும் எழுதி வைப்பதில்லை, ஏனென்றால் அந்தக் கேள்வியே எழுந்ததில்லை. சொந்தப் பணம் போட்டு வாங்கியவற்றில் சிக்கல் இன்னும் கூர்மையானது. ஒரு கணக்குக்கு, 30 இலட்சம் ரூபாவுக்குக் கார் ஒன்றை வாங்குகிறேன் என்றும், அந்தப் பணத்துக்கு மாதம் 2 சதவீத வட்டி என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 60,000 ரூபா வட்டிக்கே போகும். 1½ இலட்சம் இலாபம் எதிர்பார்த்து வாங்கிய கார் பரிசோதனையில் தவறி, பாகம் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையிலிருந்து வரவேண்டியதாகி, கராஜில் முறை கிடைக்கக் காத்திருந்து, மறு பரிசோதனைக்கும் திகதி எடுத்து இரண்டு மாதம் நின்றுவிட்டால், திருத்தச் செலவைச் சேர்க்காமலே இலாபத்தின் பெரும்பகுதி கரைந்துவிடும். எங்களை விழுத்துவது பரிசோதனைக் கட்டணமாக இருக்காது, காத்திருக்கும் நாட்களாகத்தான் இருக்கும். அதனால்தான் பரிசோதனை நிலையம் எங்கே அமையப் போகிறது என்பதை விதியின் வாசகத்தைக் காட்டிலும் முக்கியமாகக் கருதுகிறேன். வன்னியின் நான்கு மாவட்டங்களுக்கும் சேர்த்து வவுனியாவில் ஒன்று என்றால், எனக்குச் சௌகரியம். துணுக்காயிலோ புதுக்குடியிருப்பிலோ தொழில் செய்பவர் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் வேலையையும் எரிபொருளையும் இழப்பார்.

வாகனத்தின் உடலுக்கு வெளியே இன்னொரு பரிசோதனையும் இருக்கிறது. எங்கள் பகுதியில் வாகனங்கள் ‘ஓப்பின் பேப்பரில்’ கை மாறுவது சர்வ சாதாரணம். பதிவுப் புத்தகத்தில் ஒருவர் பெயர் இருக்கும், அவர் கையொப்பமிட்ட மாற்றப் படிவம் நிரப்பப்படாமல் மூன்று நான்கு பேரிடம் பயணம் செய்திருக்கும். 2022இல் எரிபொருளைப் பங்கிடக் கியூஆர் முறை வந்தபோது இதன் விலை தெரிந்தது. வாகன இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டியிருந்ததால், பழைய சொந்தக்காரர் அதே இலக்கத்தில் முந்திப் பதிந்திருந்தால் வாகனத்தை வைத்திருப்பவர் திண்டாட நேர்ந்தது. இறுக்கமான பரிசோதனையில் அடிச்சட்ட இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் பதிவோடு ஒப்பிடுவார்கள் என்பது நிச்சயம். அப்போது எஞ்சினை மாற்றிவிட்டு அறிவிக்காமல் விட்டவர்கள் அகப்படுவார்கள். களவு வாகனங்களும் பல வாகனப் பாகங்களைப் பொருத்தி எடுத்த வாகனங்களும் அகப்படும் என்பதால் அதை வரவேற்கிறேன். ஆனால் 2009இல் வீட்டோடு பதிவுப் புத்தகத்தையும் இழந்துவிட்டு, உழவு இயந்திரத்தையோ மோட்டார் சைக்கிளையோ மட்டும் மீட்டெடுத்த குடும்பங்கள் வன்னியில் இருக்கின்றன. பிரதியெடுக்க மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் இருக்கும் கொழும்பு நாரஹேன்பிட்டிக்கு அலைந்தவர்களும், அலையாமல் விட்டவர்களும் அவர்களில் உண்டு. கள்ளனையும் இழந்தவனையும் ஒரே தராசில் நிறுக்காமல், இத்தகையவர்களுக்கு ஒரு கால அவகாசமும் உள்ளூரிலேயே ஆவணத்தைச் சீர்செய்யும் வழியும் முதலில் தரப்பட வேண்டும்.

2025 ஜனவரியில் அரசாங்கத்தின் ‘கிளீன் ஸ்ரீ லங்கா’ திட்டத்தின் கீழ்ப் பொலிசார் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் இருந்த மேலதிக அலங்காரங்களைக் கழற்றச் செய்தது நினைவிருக்கும். அலங்கார விளக்கையும் சத்தமான ஹோர்னையும் காட்டி விலை கூட்டிக் கேட்ட முச்சக்கர வண்டிக்காரர்கள் அந்த மாதம் பேரத்தில் இறங்கி வந்தார்கள். எங்கள் தொழிலில் அதன் பாதிப்பு அவ்வளவுதான்.

கடுமையான விதியால் நல்ல வியாபாரிக்கு இலாபமும் உண்டா என்றால், உண்டு, ஆனால் ஒரு நிபந்தனையோடு: பரிசோதனை முடிவை எவரும் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். இலண்டனில் இருக்கும் என் மச்சான் கார் வாங்கப் போகுமுன் அதன் இலக்கத்தை அரசாங்க இணையத்தளத்தில் போட்டு, எந்த ஆண்டு எதில் தவறியது, அன்று மீற்றரில் எத்தனை மைல் இருந்தது என்பதை இலவசமாகவே பார்த்துவிடுவார். பிரித்தானியாவின் ‘எம்ஓடி’ பரிசோதனை 1960இல் பத்து வருடம் கடந்த வாகனங்களுக்கென்று தொடங்கி, 1967இல் மூன்று வருடமான வாகனங்களுக்கும் என்றாகியது. 2018 மே மாதத்திலிருந்து குறைகளை அபாயகரமானவை, பெரியவை, சிறியவை என்று பிரித்து எழுதுகிறார்கள். அபாயகரமான குறை இருந்தால் திருத்தும் வரை ஓட்டவே கூடாது. அங்கே மீற்றரைத் திருப்பி விற்பவர் முந்திய பதிவுகளோடு முட்டிக்கொள்வார். இங்கே ஏலப் பத்திரம் ஜப்பானில் காரின் நிலையைச் சொல்லும், நாட்டுக்குள் வந்த பிறகு அந்தக் கார் கடந்த பத்து வருடங்களைச் சொல்வதற்கு எதுவும் இல்லை. மீற்றரைத் திருப்பாமல் 1,40,000 கிலோமீற்றர் என்று உள்ளபடி காட்டி விற்பவன், பக்கத்து நிலையத்தில் 80,000 காட்டும் அதே வருடத்துக் காரோடு விலையில் தோற்கிறான். எனக்கு நட்டம் விதியால் வந்ததைக் காட்டிலும் இந்த வகையில்தான் அதிகம் வந்திருக்கிறது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில், உடைத்துப் பாகமாக விற்றிருக்க வேண்டிய வாகனங்கள்கூடப் பூச்சடித்து விலைபோயின, வாங்கியவர்கள் கேள்வி கேட்கும் நிலையில் இருக்கவில்லை. வன்னியின் வீதிகளில் இன்று ஓடுபவற்றில் கணிசமானவை அந்தக் காலத்து எச்சங்கள். ஆகவே விதி வரும்போது முதல் அலையில் தவறுபவற்றின் தொகை பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

நீங்கள் இத்தொழிலுக்குள் வர நினைத்துத்தான் இதைக் கேட்டிருந்தால், இரண்டு விடயங்களை இப்போதே தொடங்கலாம். நிறுத்தி விற்கத் தரப்படும் ஒவ்வொரு வாகனத்துக்கும், பரிசோதனையில் தவறினால் செலவு யாருடையது, எத்தனை நாளுக்குள் சொந்தக்காரர் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதைக் கையொப்பத்தோடு எழுதி வாங்குங்கள். பணம் கொடுத்து எடுக்கும் வாகனத்தைக் கழுவுவதற்கு முன்னரே கராஜ் குழியின் மேல் ஏற்றி அடியைப் பாருங்கள். அங்கே புதிய கறுப்புப் பூச்சு தெரிந்தால், அதைச் சுரண்டிப் பார்க்கச் சொந்தக்காரர் சம்மதிக்கும் வரை முற்பணம் கொடுக்காதீர்கள்.