பன்றிக் காய்ச்சல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருவருக்குப் பன்றிக் காய்ச்சல் உறுதியாகியுள்ளது. வளாகம் முழுவதும் கிருமிநாசினி தெளிக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். அந்த வீட்டைப் பூட்டிவிட வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். பரவலைத் தடுக்க எது பயன்படும்?

பதில்: இரண்டுமே பெரிதாகப் பயன்படா. பன்றிக் காய்ச்சலை உண்டாக்கும் எச்1என்1 வைரஸ், நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் தெறிக்கும் துளிகளாலும், அவை படிந்த பொருளைத் தொட்ட கையைக் கண், மூக்கு, வாய் அருகே கொண்டுபோவதாலும் தொற்றுகிறது. வழவழப்பான கடினப் பரப்புகளில் அது 24 முதல் 48 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கக்கூடும். ஆகவே சுவருக்கும் நடைபாதைக்கும் மருந்தடிப்பதை விடுத்து, மின்தூக்கிப் பொத்தான், கதவுக் கைப்பிடி, படிக்கட்டுக் கம்பி ஆகியவற்றை நாள்தோறும் துடையுங்கள். தெளிப்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும் வேலை என்பதால்தான் சங்கங்கள் அதை விரும்புகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

வீட்டைப் பூட்டுவது காலம் கடந்த செயல். தொற்றியவர், அறிகுறி தோன்றுவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்பிருந்தே கிருமியைப் பரப்பத் தொடங்குகிறார். தோன்றிய பின் 5 முதல் 7 நாட்கள் வரை அது தொடர்கிறது, சிறுவர்களிடம் இன்னும் நீளலாம். சோதனையே செய்துகொள்ளாமல், லேசான காய்ச்சலுடன் வேலைக்குப் போய்வரும் வேறு சிலரும் உங்கள் வளாகத்தில் இருக்கக்கூடும். எனவே காய்ச்சலும் இருமலும் தொண்டை வலியும் வந்த எவரும் வீட்டில் தங்க வேண்டும் என்பதைப் பொது விதியாக்குங்கள். அந்த விதி காவலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் பொருந்த வேண்டுமானால், நோய் விடுப்புக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. பிடித்தால் அவர்கள் மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்கு வரத்தான் செய்வார்கள். நோயுற்றோரின் பெயரை அறிவிப்புப் பலகையில் எழுதினாலும் இதே கதைதான். அடுத்து நோயுறுபவர் அதை மறைத்துவிடுவார். மாறாக, பாதிக்கப்பட்ட வீட்டாருக்குத் தேவையான மருந்தையும் உணவையும் வாசலில் கொண்டுபோய் வைக்க ஓர் ஏற்பாடு செய்யுங்கள்.

வீட்டுக்குள் நோயாளிக்குக் காற்றோட்டமான தனி அறை தேவை. அவரைக் கவனிக்க ஒருவர் மட்டும் போதும், அவர் கர்ப்பிணியாக இல்லாதிருப்பது நல்லது. இருவரும் ஒரே இடத்தில் இருக்கும்போது இருவருமே முகக்கவசம் அணியட்டும். ஒருவருக்குத்தான் கிடைக்கும் என்றால் நோயாளிக்கே கொடுங்கள். கைகளைச் சோப்பிட்டு 20 நொடிகளாவது கழுவ வேண்டும்.

கேள்வி: என் மகனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நாளை பள்ளிக்கு அனுப்பலாமா?

பதில்: காய்ச்சல் மருந்து எதுவும் கொடுக்காத நிலையில் 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்த பிறகே அனுப்புங்கள். பாராசிட்டமால் கொடுத்துத் தணிந்த காய்ச்சல் கணக்கில் வராது. தேர்வை முன்னிட்டு அவசரப்பட்டால் வகுப்பே படுத்துவிடும். இந்தக் காய்ச்சலில் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

கேள்வி: பன்றி இறைச்சியைத் தவிர்க்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. நன்கு சமைத்த இறைச்சியால் இந்நோய் வருவதில்லை. 2009 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்றாக அறிவித்தபோதும், அது மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவிக்கொண்டிருந்தது.

கேள்வி: வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் மற்றவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: போட்டுக்கொள்ளலாம், ஆனால் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ 2 வாரங்கள் ஆகும் என்பதால் அது இந்தத் தொற்றுக்கு உடனடிக் காப்பாகாது. காய்ச்சல் பருவம் தொடங்குமுன் ஆண்டுதோறும் போடுவதே முறை. கர்ப்பிணிகள், 5 வயதுக்கு உட்பட்டோர், 65 வயதைக் கடந்தோர், ஆஸ்துமா, நீரிழிவு, இதய நோய் உள்ளோர் ஆகியோருக்கு அறிகுறி தென்பட்டால், சோதனை முடிவுக்குக் காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஓசெல்டமிவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்கு பலனளிக்கும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, உதடு நீலம் பாய்தல், குறைந்த காய்ச்சல் மீண்டும் ஏறுதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், வயது பாராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.