ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து எட்டரைக்குச் சாப்பாடு போடுவது எப்படி?

கேள்வி: திருச்சியில் இருக்கிறோம். கணவருக்கு மாறி மாறி வருகிற ஷிஃப்ட் வேலை. நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது ஏழு மணி ஆகிவிடுகிறது. பிள்ளைகளுக்கு 13 வயது, 8 வயது. லீவு என்பதால் நீச்சல், செஸ் என்று போய்விட்டு ஏழரைக்குக் கொலைப்பசியோடு வருகிறார்கள். மாமியாருக்குச் சர்க்கரை இருப்பதால் எட்டரைக்குள் சாப்பிட்டாக வேண்டும். இந்த வெயிலில் அடுக்களையில் அரை மணி நேரம் நின்றாலே தலை சுற்றுகிறது. மாவு அரைத்தால் மறுநாளே புளித்துப் பொங்குகிறது. வாரத்தில் மூன்று நாள் வெளியே வாங்கிவிடுகிறோம். பணம் போவது ஒருபக்கம், போன வாரம் பெரியவனுக்கு வயிறும் கெட்டுவிட்டது. சீக்கிரம் ஆகிற, பெரும்பாலும் வீட்டிலேயே செய்கிற இரவுச் சாப்பாட்டுக்கு வழி சொல்லுங்கள்.

பதில்: கோயம்புத்தூரில் பதினோரு வருடம் மெஸ் நடத்தியவள் நான். இரவு டிபனுக்கு மட்டும் தினமும் ஐம்பது பேர் வருவார்கள், அடுக்களையில் நாங்கள் மூன்று பேர்தான். அங்கே முதல் மாதத்திலேயே புரிந்துபோன விஷயம், இரவுச் சமையல் என்று தனியாக ஒன்று வைத்துக்கொண்டால் ஆள் செத்துப்போவோம் என்பது. காலையில் அடுப்பு எரிகிறபோதே ராத்திரிக்கான பாதி வேலை முடிந்திருக்கும், சாயங்காலம் வந்தால் தாளிப்பது, சுடுவது, சூடு பண்ணுவது, அவ்வளவுதான். உங்கள் வீட்டுக்கும் இதையேதான் சொல்லப்போகிறேன். ஆனால் மே மாதத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு. காலை ஏழு மணிக்குச் செய்து வைத்தது சாயங்காலம் ஏழு மணி வரை அந்தச் சூட்டில் தாங்க வேண்டுமே. எது தாங்கும், எது தாங்காது என்று தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம். அதனால் சமையல் குறிப்புக்கு முன்னால் அதைப் பேசிவிடுகிறேன்.

முதலில் சோறு. டிபன் பாக்ஸுக்குக் காலையில் வடிக்கும்போது இரண்டு டம்ளர் அரிசி கூடப் போடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் அந்தச் சோற்றைக் குக்கரிலேயே மூடி வைத்துவிட்டு ஆபீஸ் போகாதீர்கள். பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது. அதன் வித்துக்கள் அரிசி வேகிற கொதிப்பிலும் சாகாமல் தப்பிவிடும். சோறு மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே இருந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும், அந்த நஞ்சில் ஒரு வகை சாயங்காலம் நீங்கள் எவ்வளவு சூடு பண்ணினாலும் அழியாது. வாடையும் வராது, பார்த்தாலும் தெரியாது. ராத்திரிக்கு என்று எடுத்து வைக்கிற சோற்றை ஒரு அகலத் தாம்பாளத்தில் பரப்பி, ஃபேனுக்கு அடியில் இருபது நிமிடம் ஆறவிட்டு, மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். நீங்கள் குளித்துக் கிளம்புவதற்குள் ஆறிவிடும். உடனே உங்கள் மாமியார், "நாங்கள் பழைய சோறு சாப்பிட்டு வளரவில்லையா?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. பழைய சோறு தண்ணீரில் மூழ்கிப் புளிக்கிறது, அந்தப் புளிப்புதான் அதற்குக் காவல். காய்ந்த சோற்றுக்கு அந்தக் காவல் கிடையாது.

ஃபிரிட்ஜ் சோறு விறைத்துப்போகும் என்று கவலை வேண்டாம். எலுமிச்சை சாதம், மாங்காய் சாதம், புளிச் சாதத்துக்கு விறைத்த சோறுதான் உதிரியாக நிற்கும். சூடான சோற்றில் கிளறினால்தான் களியாகிறது. தாளிப்பில் போட்டு, கை நிறையத் தண்ணீர் தெளித்து, மூன்று நிமிடம் மூடி வைத்தால் ஆவி நன்றாக ஏறிவிடும். ஒருமுறை சூடு பண்ணியதை மீண்டும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். இப்போது மாங்காய் மலிந்து கிடக்கிற நேரம். ஒரு கிளிமூக்கு மாங்காயைத் துருவி, கடுகு, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் தாளித்து வதக்கிக் கிளறினால் பன்னிரண்டு நிமிட வேலை. தொட்டுக்கொள்ள வடாம், ஒரு வெள்ளரிப் பச்சடி. போதும்.

அடுத்து தேங்காய்ச் சட்னி. கோடையில் அதைக் காலையில் அரைத்து ராத்திரிக்கு வைப்பது வேண்டாத வம்பு. பெரியவனுக்கு வயிறு கெட்டது எதனால் என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. ஆனால் வெளியே வாங்கும் பொட்டலத்தில் முதலில் கெடுவது பெரும்பாலும் அந்தச் சட்னிதான், அதனால் டிபன் வாங்கினாலும் சட்னியை வீட்டில் செய்துகொள்ளுங்கள் என்பேன். காலையில் வைத்த சாம்பாரும் பருப்பு சேர்ந்தது என்பதால் பகல் முழுக்க வெளியே தாங்காது. ஆறியதும் ஃபிரிட்ஜ், இரவில் நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டுப் பரிமாறுங்கள். புளியும் நல்லெண்ணெயும் தாராளமாகப் போட்டுச் சுண்டவைத்த வத்தக்குழம்புதான் மறுநாளும் அசையாமல் நிற்கும். கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மூடியே இருந்தால் நான்கு மணி நேரம் வரை குளிர்ச்சி தங்கும்.

சரி, மாவுக்கு வருவோம். வெயிலில் இட்லி மாவு ஐந்து ஆறு மணி நேரத்தில் பொங்கிவிடும், மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்ட அதே மாவு. சாயங்காலம் அரைத்துக் காலை வரை வெளியே வைக்கிற பழக்கத்தை ஜூன் முடியும்வரை விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே அரைத்தால் நீங்கள் தூங்கப் போவதற்கு முன் அதைக் கண்ணால் பார்த்து உள்ளே வைக்கலாம். உளுந்தை ஊறவைக்கும்போதே ஃபிரிட்ஜில் ஊறவையுங்கள், அரைக்க ஐஸ் தண்ணீர் விடுங்கள். கிரைண்டர் சூட்டிலேயே பாதிப் புளிப்பு தொடங்கிவிடுகிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. உப்பை அரைத்ததுமே போட்டுக் கலந்துவிடுங்கள், அது புளிப்பின் வேகத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். இதையெல்லாம்விட முக்கியமானது, மொத்த மாவையும் ஒரே தூக்கில் வைக்காமல் இரண்டாகப் பிரிப்பது. ஒரு பாதியைப் புளிக்கவிட்டு ஞாயிறு இரவே உள்ளே வைத்து, திங்கள், செவ்வாய்க்கு எடுத்துக்கொள்ளுங்கள். மறு பாதியை அரைத்த கையோடு, புளிக்கவே விடாமல், ஃபிரிட்ஜின் கடைசி ஓரத்தில் தள்ளிவிடுங்கள். புதன்கிழமை மத்தியானம் பெரியவனை எடுத்து வெளியே வைக்கச் சொன்னால் இரவு தோசைக்குப் புது மாவு மாதிரியே இருக்கும். சில்லிட்டிருப்பதால் பொங்க ஒன்றிரண்டு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும்.

அப்படியும் புளித்துவிட்டால் குழிப்பணியாரம். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கிப் போட்டு, இரண்டு கரண்டி அரிசி மாவு சேர்த்துக் கெட்டியாக்கினால் புளிப்பு அடங்கிவிடும். எங்கள் மெஸ்ஸில் வியாழக்கிழமை ஸ்பெஷல் என்று பணியாரத்தை எழுதி வைப்போம், காரணம் வாடிக்கையாளருக்குத் தெரியாது!

இனி ராத்திரி அடுப்பில் என்ன வைப்பது என்று பார்க்கலாம். எனக்குக் கை கொடுத்த தெய்வம் எங்கள் ஊர் அரிசிம்பருப்பு சாதம்தான், அதைச் சொல்லாமல் விட்டால் கொங்கு நாட்டுக்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு, கழுவி ஊறவைத்துவிட்டு முகம் கழுவப் போங்கள். வந்து, குக்கரில் எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், காய்ந்த மிளகாய், பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம், தட்டிய பூண்டு, ஒரு தக்காளி, மஞ்சள் தூள் வதக்கி, மூன்று டம்ளர் தண்ணீரும் உப்பும் சேர்த்து, கொதித்ததும் அரிசி பருப்பைப் போட்டு மூடுங்கள். மூன்று விசில். அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து ஃபேனுக்கடியில் உட்காருங்கள், மீதி வேலையைக் குக்கருக்குள் இருக்கிற ஆவி பார்த்துக்கொள்ளும். நீங்கள் அடுப்பருகே நிற்பது எட்டு நிமிடம். ஐந்து பேருக்கு அளவை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். நெய், தயிர், ஊறுகாய் இருந்தால் பிள்ளைகள் வேறு எதுவும் கேட்க மாட்டார்கள்.

மாமியாருக்கு மட்டும் அன்று சாதத்தைக் குறைத்துக் கீரையோ சுரைக்காய்க் கூட்டோ கூடுதலாக வையுங்கள். அதற்குத்தான் இன்னொரு வேலை சொல்கிறேன். காலையில் சோறு வைக்கும்போது குக்கரின் இன்னொரு அடுக்கில் ஒரு டம்ளர் துவரம்பருப்போ பாசிப்பருப்போ உப்பில்லாமல் வேகவைத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். இரவில் இது எதுவாக வேண்டுமானாலும் மாறும். தக்காளியும் மிளகும் தட்டிப் போட்டால் பத்து நிமிடத்தில் ரசம், கீரையோடு சேர்ந்தால் கூட்டு, பூண்டு தாளித்தால் சப்பாத்திக்குப் பருப்பு. ஏழு மணிக்கு மேல் பருப்பு வேகக் காத்திருப்பதுதான் இரவுச் சமையலில் நேரத்தைத் தின்கிற பூதம். அது காலையிலேயே போய்விடுகிறது. அவருடைய மாத்திரை நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் மட்டும் டாக்டர் சொன்னபடி விடுங்கள், சமையலுக்காக மாற்ற வேண்டாம்.

அவருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே பொருந்துவது பச்சைப்பயறு தோசை, ஆந்திராவில் பெசரட்டு என்பார்கள். இதற்கு மாவு புளிக்கவே வேண்டாம், அதனாலேயே கோடைக்கு நல்லது. பயறை நீங்கள் காலை எட்டு மணிக்கு ஊறப்போட்டுவிட்டுப் போனால் சாயங்காலம் நுரைத்து வாடை அடிக்கும். பலர் இதில்தான் ஏமாந்து, அப்புறம் அந்தப் பக்கமே போவதில்லை. ஃபிரிட்ஜில் ஊறவையுங்கள், அல்லது 13 வயதுப் பிள்ளை மத்தியானம் இரண்டு மணிக்குப் போடட்டும். ஐந்து மணி நேரம் தாராளம். இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம், ஒரு பிடி அரிசி சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று, உடனே கல்லில். லீவில் வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு ஃபோனில் "பயறு போட்டாயா?" என்று கேட்பது ஒன்றும் கொடுமை இல்லை. சின்னது பூண்டு உரிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை டிவி பார்த்துக்கொண்டே உரித்து வைத்தால் வாரத்துக்கு ஆகும்.

ஞாயிறன்று நேரம் இருந்தால் ஒரே ஒரு பொருள் செய்யுங்கள், தக்காளித் தொக்கு. ஒரு கிலோ நாட்டுத் தக்காளி, நெல்லிக்காய் அளவு புளி, மிளகாய்த் தூள், உப்பு, நூறு மில்லிக்குக் குறையாமல் நல்லெண்ணெய். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை சுண்டவேண்டும், அவசரப்பட்டுத் தண்ணீர்ப் பதத்தில் இறக்கினால் பூசணம் பிடிக்கும். காலை ஆறு மணிக்கு அடுப்பு வைத்தால் வெயிலுக்கு முன் முடிந்துவிடும். ஈரமில்லாத பாட்டிலில், ஃபிரிட்ஜில், இரண்டு வாரம் கவலை இல்லை. தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம், சோற்றில் பிசையலாம். நான்கு முட்டையை அவித்துக் கீறிப்போட்டு அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் கொதிக்கவிட்டால் ஐந்து நிமிடத்தில் முட்டைத் தொக்கு. கூடவே ஒரு கிலோ ரவையையும் வறுத்து வைக்கலாம். ஆனால் உப்புமாவை வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் கொண்டுவராதீர்கள், அப்புறம் பிள்ளைகள் வெளிச் சாப்பாடு கேட்டு ஊர்வலம் போவார்கள்.

வெளியே வாங்குவதை அடியோடு நிறுத்தச் சொல்ல மாட்டேன். அக்னி நட்சத்திரத்தில் வாரத்துக்கு ஒரு நாள் அடுப்பு மூடியிருப்பது உங்களுக்கு அவசியம். ஆனால் பாதியை மட்டும் வாங்குங்கள். சாயங்காலம் சைக்கிளில் இடியாப்பம் கொண்டுவருகிறவர் உங்கள் தெருவுக்கு வந்தால் இருபது வாங்கிக்கொண்டு, தேங்காய்ப் பாலை மட்டும் அப்போதே பிழியுங்கள். பரோட்டாதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் பரோட்டாவை வாங்குங்கள், சால்னாவுக்குப் பதில் அந்த முட்டைத் தொக்கு. செலவு குறைகிறது, காலையில் காய்ச்சி நாள் முழுக்க நின்ற குழம்பும் வீட்டுக்குள் வருவதில்லை.

வெள்ளிக்கிழமை உடம்பு ஓய்ந்துபோய், எதுவுமே முடியாது என்கிற இரவு ஒன்று வரும். அன்றைக்குத் தயிர் சாதம் போடுங்கள். காலையில் எடுத்து வைத்த சோற்றைச் சூடாக்கிக் குழைத்து, காய்ச்சின பாலை முக்கால் பங்கும் தயிரைக் கால் பங்கும் விடுங்கள். வெறும் தயிரில் பிசைந்தால் சின்னது புளிக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடும். மோர்மிளகாயை மட்டும் எண்ணெயில் பொரித்துவிட்டு அடுப்பை அணையுங்கள். கணவர் பகல் ஷிஃப்ட் வாரத்தில் ஏழு மணிக்கு வீட்டில் இருப்பார் இல்லையா, மோர்மிளகாய் பொரிக்க அவருக்கும் தெரியும்.