கட்டாய ஓவர்டைம், சின்னக் குழந்தை, தபால்வழிப் படிப்பு: மூன்றையும் எப்படிச் சமாளிப்பது?

குறைந்த சம்பளம், ஓவர்டைம் முடியாது என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம், வீட்டில் மூன்று வயதுக் குழந்தை, நடுவில் தபால்வழிப் பட்டப்படிப்பு. இதில் எதை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பேக்கிங் செக்‌ஷனில் ஐந்து வருடம் நின்றுகொண்டே பட்டம் வாங்கியவள் நான், மகளுக்கு அப்போது உங்கள் குழந்தையின் வயதுதான். அதனால் எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

இப்படிக் கேட்டால் எல்லோரும் முதலில் சொல்வது "நாலு மணிக்கு எழுந்து படி", "எல்லாருக்கும் 24 மணி நேரம்தான்". ராத்திரி ஒன்பதரைக்கு வீடு வந்து, பாத்திரம் கழுவி, குழந்தையைத் தூங்கவைத்துப் படுப்பவளுக்கு எங்கே 24 மணி நேரம் இருக்கிறது? இந்த அறிவுரையைக் கேட்டு நான் மூன்று வாரம் நாலு மணிக்கு எழுந்தேன். பக்கத்தில் ஆள் இல்லாததைத் தடவிப் பார்த்து மகளும் எழுந்துவிடுவாள், போர்வையை இழுத்துக்கொண்டே வந்து மடியில் படுத்துக்கொள்வாள். இடது கையால் பக்கம் புரட்டக் கற்றுக்கொண்டேன், அது ஒன்றுதான் மிச்சம்.

எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது ஒன்று உண்டு. என்னைச் சாய்த்தது ஓவர்டைமின் அளவு இல்லை, அது கடைசி நேரத்தில் தெரியவருவதுதான். ஐந்து மணிக்கு வேலை முடியும், நாலே முக்காலுக்கு சூப்பர்வைசர் வந்து "இன்னைக்கு எட்டு வரைக்கும்" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் குழந்தையைக் கூப்பிட்டு வர ஆள், ராத்திரிச் சமையல், படிக்க ஒதுக்கிய நேரம் எல்லாம் ஒன்றாகச் சரியும். எட்டு வரை என்று காலையிலேயே தெரிந்திருந்தால் அதே மூன்று மணி நேரம் பாதிதான் வலிக்கும்.

அதனால் முதல் வேலையாக ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். நான் ஆறு வாரம் எழுதினேன்: தேதி, ஓவர்டைம் என்று எத்தனை மணிக்குச் சொன்னார்கள், எத்தனை மணிக்கு வெளியே வந்தேன், அவ்வளவுதான். திடீர் திடீர் என்று வருவதாக நான் நினைத்த ஓவர்டைமில் முக்கால்வாசி, சரக்கு லாரி வருவதற்கு முந்தைய நாளும் மாதக் கடைசி வாரமும் மட்டும்தான் வந்திருந்தது. அந்த நாட்களில் படிப்பதாகத் திட்டம் போடுவதையே நிறுத்தினேன். முன்பு திட்டம் போட்டு, உடைந்து, என்னையே திட்டிக்கொள்வேன். அந்தச் சுற்று நின்றதே பெரிய நிம்மதி.

அப்புறம் சூப்பர்வைசரிடம் போனேன். "சார், ஓவர்டைம் வேணாம்னு சொல்ல வரல. ரெண்டு மணிக்குள்ள சொல்லிட்டீங்கன்னா போதும், குழந்தைக்கு ஆள் ஏற்பாடு பண்ணிடுவேன்" என்றேன். "எனக்கே நாலு மணிக்குத்தாம்மா சொல்றாங்க" என்றார். நோட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, லாரி நாள் என்றால் முந்தின நாளே சொல்லிவிடுவதாக ஒத்துக்கொண்டார். நல்ல மனுஷன்தான், யாரும் கேட்காததால் அவரும் யோசித்ததில்லை. எல்லோருக்கும் இப்படி ஆள் அமையாது, தெரியும். ஆனால் "குறையுங்கள்" என்று கேட்பதைவிட "முன்னாலேயே சொல்லுங்கள்" என்று கேட்பது எளிது, மறுப்பதும் அவர்களுக்குக் கஷ்டம்.

அந்த நோட்டு இன்னொரு வேலையும் செய்தது. ஒரு மாதம் என் கணக்கில் 31 மணி நேரம் ஓவர்டைம், சம்பளச் சீட்டில் 26. தேதி வாரியாகக் காட்டியதும் அடுத்த மாதம் சேர்த்துக் கொடுத்தார்கள், ஒரு வார்த்தை பேசாமல். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919இல் போட்ட முதல் உடன்படிக்கையே வேலை நேரம் பற்றியது: ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, கூடுதல் நேரத்துக்குச் சாதாரணக் கூலியைப் போல ஒன்றேகால் மடங்காவது தர வேண்டும் என்கிறது. நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டம் வேறு எண் சொல்லலாம், இரட்டிப்பாகக்கூட இருக்கலாம். உச்சவரம்பு எவ்வளவு, மடங்கு எவ்வளவு, இந்த இரண்டை மட்டும் தெரிந்துகொண்டு சீட்டோடு ஒப்பிடுங்கள். வாரம் 60 மணி நேரம் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அது பற்றியும் ஒன்று. வாரத்துக்கு 55 மணியோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து, 35 முதல் 40 மணி வேலை செய்பவர்களைவிடச் சுமார் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் அதே தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்டன. பயமுறுத்தச் சொல்லவில்லை, வருடக்கணக்கில் இப்படியே ஓட்டும் எண்ணம் வேண்டாம் என்றுதான்.

குழந்தை விஷயத்தில் காப்பகத்தை மட்டும் நம்பி ஏமாந்தேன். குழந்தையைத் தாமதமாகக் கூப்பிட்டு வரப் போனால் அவர்கள் போடும் கூடுதல் கட்டணத்தில் ஓவர்டைம் காசு பாதிக்கு மேல் போய்விடும், ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது சிரிப்புதான் வந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் மாறி மாறிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதாகப் பேசிக்கொண்டேன்: லாரி நாளில் என் மகள் அவர் வீட்டில், ஞாயிறு காலையில் அவருடைய இரண்டு பையன்களும் என் வீட்டில். யார் எத்தனை மணி நேரம் பார்த்தோம் என்பதை அதே நோட்டின் பின்பக்கத்தில் எழுதினோம். கணக்கு எழுதினால் உறவு கெடும் என்பார்கள். எங்களுக்குள் கெடாமல் இருந்ததே அந்தக் கணக்கால்தான்.

படிப்பு. ஓவர்டைம் முடிந்து வந்த ராத்திரியில் படிக்காதீர்கள், தயவுசெய்து. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். காலை ஐந்துக்கு எழுந்தவருக்கு ராத்திரி பத்துக்கே அந்த நிலை. என் புத்தகத்தில் ஒரே வரியில் நீலம், சிவப்பு, பென்சில் என்று மூன்று அடிக்கோடு இருக்கிறது. மூன்று ராத்திரி அதையே படித்திருக்கிறேன், ஒரு தடவைகூட நினைவில்லை.

எனக்கு உதவியது இதுதான். விடுமுறை நாளில் ஒரு பாடத்தைக் கேள்விகளாக மாற்றி என் குரலிலேயே போனில் பதிவு செய்வேன். கேள்வி, பத்து நொடி மௌனம், அப்புறம் பதில். துணி துவைக்கும்போதும் நடக்கும்போதும் அதைப் போட்டுவிட்டு, அந்த மௌனத்தில் வாய்விட்டுப் பதில் சொல்லிப் பார்ப்பேன். மகளுக்கே சில பதில் மனப்பாடம். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவர் 2006இல் மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து, மூடிவைத்து நினைவுபடுத்திப் பார்த்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். நம்மைப் போல நடுவில் நாலு நாள் புத்தகத்தைத் தொடாதவர்களுக்கு அந்த ஒரு வாரக் கணக்குதான் முக்கியம்.

ஐந்து பேப்பரில் மூன்றை மட்டும் எழுதி இரண்டை வேண்டுமென்றே அரியர் வைத்தேன். மூன்று வருடப் படிப்பு நாலரை வருடம் ஆனது. ஏன் லேட் என்று இதுவரை இரண்டு பேர்தான் கேட்டிருக்கிறார்கள், இருவரும் சொந்தக்காரர்கள்.

தேர்வு அட்டவணை வந்த அன்றே விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். முதல் வருடம் சூப்பர்வைசரிடம் வாயால் சொல்லி, அவரும் தலையாட்டி, தேர்வு நாள் காலையில் ஆள் பற்றாக்குறை என்று போன் வந்தது. வேலைக்குப் போனேன். அந்தப் பேப்பரைத் திரும்ப எழுத ஒரு வருடம் காத்திருந்தேன்.