பெல்ஜியத்தில் எங்கே வீடு எடுப்பது?

கேள்வி: வேலை ப்ரஸ்ஸல்ஸில். மனைவி, நான்கு வயதுப் பையனுடன் தண்டையார்பேட்டையிலிருந்து கிளம்புகிறேன். பெல்ஜியத்தில் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம்?

ஆறு வருஷம் அங்கே இருந்துவிட்டு இப்போது மறுபடி ராயபுரத்தில் இருக்கிறேன். தூரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மொத்த நாடும் தமிழ்நாட்டில் கால்வாசி தேறாது. லூவனிலிருந்து ப்ரஸ்ஸல்ஸுக்கு ரயிலில் அரை மணி, ஆன்ட்வெர்ப்பிலிருந்து முக்கால் மணி சொச்சம். வியாசர்பாடியிலிருந்து சோழிங்கநல்லூர் போய் வருகிறவருக்கு இதெல்லாம் ஒரு தூரமா?

பையனுக்கு எந்த மொழி என்பதை முதலில் பேசி முடியுங்கள். வடக்கே ஃப்ளாண்டர்ஸில் பள்ளி டச்சு மொழியில், தெற்கே வலோனியாவில் பிரெஞ்சில். கிழக்கு ஓரத்தில் யூப்பன் பக்கம் ஜெர்மன், அதை விடுங்கள். ப்ரஸ்ஸல்ஸில் மட்டும் டச்சுப் பள்ளியும் உண்டு, பிரெஞ்சுப் பள்ளியும் உண்டு. நாங்கள் அங்கே மகளைப் பிரெஞ்சில் சேர்த்தோம். இரண்டு வருஷம் கழித்து, தோட்டம் வைத்த வீடு கிடைக்கிறதே என்று லூவனுக்கு மாறினேன். பள்ளி முழுக்க டச்சு. குழந்தை வகுப்பில் ஆறு மாதம் வாயே திறக்கவில்லை. தோட்டத்தில் நான் போட்ட கொத்தமல்லியும் முளைக்கவில்லை, அது வேறு கதை.

அப்புறம், நம் பக்கத்தில் வீடு பார்க்கும்போது கேட்பதை அங்கேயும் கேளுங்கள்: "மழைக்குத் தண்ணி நிக்குமா? பக்கத்துல கம்பெனி எதுனா இருக்கா?" கிளம்பும்போது பெரம்பூர் மாமா, "ஐரோப்பாவுல என்னடா தண்ணி நிக்கப்போவுது" என்று சிரித்தார். 2021 ஜூலையில் வலோனியாவின் லியேஜ் பக்கம் ஆறு பெருகி, பெப்பன்ஸ்டரில் வீடுகளே இடிந்து விழுந்தன. அங்கே வாடகை குறைவுதான், காடும் மேடுமாக அழகும்தான். ஆற்றங்கரைத் தெரு என்றால் மட்டும் நன்றாக விசாரியுங்கள். ஆன்ட்வெர்ப் துறைமுக ஊர், நமக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். ஆனால் அதை ஒட்டிய ஸ்வைன்ட்ரெக்டில் மண்ணில் ரசாயனம் கலந்தது 2021இல் பெரிய விவகாரமாகி, வீட்டுக் கோழி முட்டையைச் சாப்பிடாதீர்கள் என்றார்கள். எனக்கு மணலிதான் ஞாபகம் வந்தது.

இரண்டு மூன்று வருஷத்தில் திரும்புவதாக இருந்தால் ப்ரஸ்ஸல்ஸிலேயே இருங்கள். தங்கிவிடும் எண்ணம் என்றால் முதல் நாளே லூவன், மெஹலன் மாதிரி ஊர், டச்சுப் பள்ளி.

ஒன்பது வருஷ ஒப்பந்தம் என்று நீட்டினால் பயப்படாதீர்கள், நடுவில் காலி செய்ய வழி உண்டு. அட்வான்ஸ் இரண்டு மூன்று மாத வாடகைதான். முகவரி பதிந்த பிறகு, நிஜமாகவே குடியிருக்கிறீர்களா என்று பார்க்கப் போலீஸ் வரும். அழைப்பு மணியில் பெயர் ஒட்டி வையுங்கள், வீட்டிலும் சொல்லி வையுங்கள். என் மனைவி கதவையே திறக்கவில்லை.