பல ஊர்களில் கிளைகள், ஒரே நேரத்தில் நெருக்கடி: கேள்வி பதில்

வெள்ளம், புயல், கணினித் தாக்குதல் போன்ற நேரங்களில், பல ஊர்களில் இயங்கும் ஒரு நிறுவனம் தன் கிளைகளை எவ்வாறு ஒருங்கிணைக்க வேண்டும் என்பது குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கிளைகள் கொண்ட நிறுவனங்களுக்குப் பேரிடர் ஆயத்தத் திட்டம் வகுத்துக் கொடுப்பது என் தொழில் என்பதால், பதில்களில் தமிழ்நாட்டு நிகழ்வுகளே மிகுதியாக வரும்.

கேள்வி (ஜவுளிக் கடைகளின் நிர்வாகி, மதுரை): எங்களுக்குத் திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் ஆகிய ஊர்களில் கடைகள் உள்ளன. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது சின்னச் சின்ன முடிவுகளுக்கெல்லாம் கடைகளிலிருந்து மதுரைக்குத் தொலைபேசி வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. முடிவெடுக்கும் அதிகாரம் எங்கே இருக்க வேண்டும், ஐயா?

பதில்: தொலைபேசி நின்றுவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆகவே அதிகாரம் கடையில்தான் இருந்தாக வேண்டும். அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மின்சாரம் போனது, கைப்பேசித் தொடர்பும் பல இடங்களில் அறுந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டு, ஏறத்தாழ 800 பயணிகள் அங்கே சிக்கிக்கொண்டார்கள். தனக்கென்று தனித் தொடர்பு வசதியும் பெரிய ஆட்படையும் உள்ள ரயில்வேயின் பயணிகளுக்கே, மீட்புக் குழுவினர் வந்து சேரும் முன்பு சோறு பொங்கிப் போட்டவர்கள் பக்கத்துப் புதுக்குடி ஊர் மக்கள்தாம். மதுரையிலிருந்து நீங்கள் என்ன செய்திருக்க முடியும் என்பதை இதைக்கொண்டு கணித்துக்கொள்ளலாம்.

கிளை மேலாளர் யாரையும் கேட்காமல் செய்யக்கூடியவை, செய்துவிட்டுத் தெரிவிக்க வேண்டியவை, கேட்ட பின்னரே செய்ய வேண்டியவை என்று மூன்று பட்டியல்களை ஒரே தாளில் எழுதி, உரிமையாளரின் கையொப்பத்துடன் ஒவ்வொரு கடையிலும் வையுங்கள். கடையை மூடுவது, ஊழியர்களை வீட்டுக்கு அனுப்புவது, சரக்கை மாடிக்கு ஏற்றுவது, கல்லாப் பணத்திலிருந்து குறித்த வரம்பு வரை செலவழிப்பது ஆகியவை முதல் பட்டியலில் வரும். வண்டியோ கிடங்கோ வாடகைக்கு எடுப்பது, பக்கத்துக் கிளையிலிருந்து ஆட்களை வரவழைப்பது இரண்டாவதில். செய்தியாளர்களிடம் பேசுவதும், காப்பீட்டு இழப்பீட்டுத் தொகைக்கு ஒப்புக்கொள்வதும் மூன்றாவதில். இவற்றின் அடியில், 'தலைமையகத்துடன் நான்கு மணி நேரம் தொடர்பு இல்லையெனில் இரண்டாம் பட்டியலும் முதல் பட்டியலாகக் கருதப்படும்' என்று ஒரு வரி சேருங்கள். நான்கு மணி என்பது என் பரிந்துரை; உங்கள் தொழிலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒரு நேர வரம்பு எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அதிகாரம் தாளில் மட்டும் இருந்தால் போதாது. மேலாளர் துணிந்து செலவழித்த பின், வெள்ளம் வடிந்ததும் கணக்குப் பிரிவு ரசீது கேட்டு அவரைக் குடைந்தெடுத்தால், அடுத்த மழைக்கு அவர் மறுபடியும் உங்களைத்தான் அழைப்பார்.

கேள்வி (அதே நிர்வாகி): அப்படியானால் தலைமையகத்துக்கு வேலையே இல்லையா?

பதில்: நிறைய இருக்கிறது. எந்தக் கிளையாலும் பார்க்க முடியாத முழு நிலவரத்தைத் தொகுத்து வைத்திருப்பது, பாதிக்கப்படாத ஊரிலிருந்து பாதிக்கப்பட்ட ஊருக்கு ஆளையும் பொருளையும் பணத்தையும் நகர்த்துவது, அரசுத் துறைகள், வங்கி, காப்பீட்டு நிறுவனம் ஆகியவற்றுடன் பேசுவது ஆகிய மூன்றும் அங்கேதான் நடக்க முடியும். கிளையில் இருப்பவர் அடுத்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்போது, தலைமையகத்தில் ஒருவராவது மூன்றாம் நாளைப் பற்றி யோசிக்க வேண்டும். டீசல் எப்போது தீரும், எந்தச் சாலை முதலில் திறக்கும், களைத்துப் போனவர்களுக்கு மாற்று ஆட்கள் எங்கிருந்து வருவார்கள் என்பவை அவருடைய கேள்விகள்.

கேள்வி (நுண்கடன் நிறுவன அலுவலர், விழுப்புரம்): எங்களுக்கு நாற்பது கிளைகள். எல்லோரும் ஒரே கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் சொன்னால் அங்கே சந்தைக்கடை இரைச்சலாகிவிடுகிறது. இதற்கு வகுக்கப்பட்ட முறை ஏதும் உண்டா?

பதில்: உண்டு. 1970-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இரண்டு வாரக் காலத்துக்குள் அடுத்தடுத்து மூண்ட காட்டுத்தீக்களை அணைக்கப் பல தீயணைப்புத் துறைகள் ஒன்றாகக் களமிறங்கின. பின்னர் ஆராய்ந்தபோது, வண்டிகளின் பற்றாக்குறையைவிட, யார் யாருக்குக் கட்டளையிடுவது என்பதில் தெளிவில்லாததும், ஒவ்வொரு துறையும் தனித்தனிச் சொற்களைப் பயன்படுத்தியதும் பெரிய இடர்ப்பாடாக இருந்தது தெரிந்தது. அதிலிருந்து பிறந்த கட்டளை முறையைத் தழுவியே நம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதில் உங்களுக்கு உடனே பயன்படுவது, ஒருவர் நேரடியாக மேற்பார்வையிடுவது மூன்று முதல் ஏழு பேர் வரை, பொதுவாக ஐந்து பேர் என்ற அளவு. நாற்பது கிளைகளை எட்டு வட்டங்களாக்கி, வட்டப் பொறுப்பாளர்களை இரண்டு மண்டலங்களின் கீழ் வைத்தால், கட்டுப்பாட்டு அறை இருவருடன் மட்டும் பேசினால் போதும்.

வட்டம் பிரிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. அன்றாட மேற்பார்வைக்கு அருகருகே உள்ள கிளைகளை ஒரே வட்டமாக்குவது சரிதான். ஆனால் ஒரு வட்டத்துக்கு உதவ வேண்டிய துணை வட்டம் அதே கடற்கரையில் இருக்கக் கூடாது. கடலூருக்குப் புதுச்சேரியைத் துணையாக வைத்தால் ஒரே புயல் இரண்டையும் படுக்கவைத்துவிடும். சேலத்தையோ திருச்சியையோ வையுங்கள். மேலும், இருக்கும் உதவியாட்கள் அனைவரையும் முதல் நிகழ்விலேயே தீர்த்துவிடாதீர்கள். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்து இரண்டு வாரம் ஆவதற்குள் தென் மாவட்டங்களில் பெருவெள்ளம் வந்தது.

கேள்வி (மருந்து விநியோக நிறுவனம், ஈரோடு): வாட்ஸ்அப் குழு ஒன்றே போதும் என்கிறார் எங்கள் இயக்குநர்.

பதில்: குழு இருக்கட்டும், ஆனால் கட்டளைக்கு ஒரு குழு, நிலவரத்துக்கு ஒரு குழு என்று பிரித்து, கட்டளைக் குழுவில் பொறுப்பாளர் மட்டுமே எழுதும்படி அமையுங்கள். நிலவர அறிக்கை நாளுக்கு மூன்று வேளை, குறித்த மணிக்கு, ஒரே வரிசையில் வரட்டும்: ஊழியர் நிலை, கட்டடம், மின்சாரம், கையிருப்பு, தேவை. ஓர் இனத்தைப் பற்றித் தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுதச் சொல்லுங்கள். இடையிடையே இயக்குநர் தனியாக அழைத்து நிலவரம் கேட்பதை நிறுத்தச் செய்வது, என் பார்வையில், மற்ற அனைத்தையும்விடக் கடினமான பணி. குறித்த வேளையில் அறிக்கை வராத கிளையைத்தான் முதலில் தேட வேண்டும். அதிகம் எழுதிக்கொண்டிருக்கும் கிளை பெரும்பாலும் ஓரளவு பாதுகாப்பாகவே இருக்கும்.

இதே பொருளில் சாட்டிலைட் போன் குறித்துக் கேட்ட இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து பெட்டியில் வைத்துக்கொள்ளும் யோசனையைக் கைவிடுங்கள்.

கேள்வி (பள்ளி அறக்கட்டளைச் செயலாளர், தஞ்சாவூர்): நான்கு மாவட்டங்களில் பள்ளிகள் நடத்துகிறோம். வானிலை எச்சரிக்கை வந்ததும் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே அறிவிப்பை அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். மழை விடுமுறையை அந்தந்த மாவட்ட ஆட்சியரே அறிவிக்கிறார். தஞ்சாவூரிலிருந்து நீங்கள் அனுப்பும் குறுஞ்செய்தி நாகப்பட்டினம் ஆட்சியரின் அறிவிப்புடன் முரண்பட்டால் பெற்றோர் இரண்டையும் நம்பமாட்டார்கள். அறிவிப்பைத் தலைமையாசிரியர் வெளியிடட்டும். வாசகத்தின் அமைப்பை மட்டும் நீங்கள் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

எச்சரிக்கையின் நிறத்தை மட்டும் நம்பி நடவடிக்கைகளைத் தொடங்குவதும் போதாது. ஒரே நாளில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் அது அதி கனமழை; 21 சென்டிமீட்டரும் காயல்பட்டினத்தில் பெய்த 95 சென்டிமீட்டரும் ஒரே வகைக்குள் அடங்கிவிடும். ஆகவே எச்சரிக்கை வந்தால் தயார்நிலை என்றும், பள்ளிக்கு அருகில் உள்ள வாய்க்கால் இந்தக் கல்லைத் தொட்டால் வெளியேற்றம் என்றும் இரண்டு தூண்டுகோல்களை வையுங்கள். அந்தக் கல் எது என்பதைத் தேர்ந்தெடுக்க ஊர்க்காரரான காவலாளி ஒருவரே போதும்.

கேள்வி (அச்சகக் குழும மேலாளர், சென்னை): தலைமையகமே மூழ்கினால்?

பதில்: 2015 டிசம்பர் 2 அன்று சென்னையில் 'தி இந்து' ஆங்கில நாளிதழ் அச்சாகவில்லை, 1878-இல் தொடங்கப்பட்ட அந்த இதழுக்கு வெள்ளத்தால் அப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை என்று அப்போது செய்தி வெளியானது. மறைமலைநகரில் உள்ள அச்சுக்கூடத்தைத் தொழிலாளர்களால் சென்றடைய முடியாததே காரணம். இயந்திரத்துக்கு மாற்று, கட்டடத்துக்கு மாற்று என்று கணக்கிடுபவர்கள் ஆட்கள் வந்து சேரும் வழியைக் கணக்கில் எடுப்பதில்லை. மாற்றுத் தலைமையகத்தை வேறு ஊரில் தேர்ந்தெடுங்கள். அந்த ஊரிலேயே வசிக்கும் மூன்று பேரிடம் பொறுப்பைக் கொடுங்கள். சென்னை அலுவலர்கள் அங்கே பயணம் செய்து போய்ப் பொறுப்பேற்பார்கள் என்று எழுதப்பட்ட திட்டத்தை நம்ப வேண்டாம். அந்த வாரம் சென்னை விமான நிலையமும் பல நாட்கள் மூடப்பட்டிருந்தது.

கேள்வி (கப்பல் சரக்கு முகவர், தூத்துக்குடி): எங்கள் அச்சம் வெள்ளத்தைவிடக் கணினித் தாக்குதல்தான். எல்லாக் கிளைகளின் தரவும் ஒன்றுக்கொன்று நகலாக இருக்கிறது. இது பாதுகாப்புதானே?

பதில்: இதே நம்பிக்கையில்தான் மெர்ஸ்க் கப்பல் நிறுவனமும் இருந்தது. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனின் ஒரு கணக்கியல் மென்பொருள் வழியாகப் பரவிய நாட்பெட்யா என்ற தீநிரல், சில மணி நேரத்தில் உலகெங்கும் உள்ள அதன் அலுவலகங்களை முடக்கியது. மும்பைக்கு அருகில் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் இருந்த அதன் முனையமும் நின்றது. ஊழியர்களின் நுழைவு உரிமைகளைக் காக்கும் ஏறத்தாழ 150 சர்வர்கள் பல நாடுகளில் ஒன்றுக்கொன்று நகலாக இயங்கிவந்தன. ஒன்று போனால் மற்றொன்று கைகொடுக்கும் என்று அமைத்திருந்தார்கள். அனைத்தும் ஒரே நேரத்தில் அழியக்கூடும் என்று எவரும் எண்ணவில்லை. கானா நாட்டு அலுவலகத்தில் தாக்குதலுக்கு முன்பே மின்தடை ஏற்பட்டு இணைப்பறுந்து கிடந்த ஒரேயொரு சர்வர் தப்பியது. அதிலிருந்த தரவை இணையம் வழியாக அனுப்ப நாள்கணக்கில் ஆகும் என்பதால், ஊழியர் ஒருவர் அதை நைஜீரியா வரை கையில் கொண்டுபோய் மற்றொருவரிடம் ஒப்படைக்க, அவர் இங்கிலாந்தில் மெய்டன்ஹெட்டில் இருந்த மீட்பு மையத்துக்கு எடுத்துச் சென்றார். நிறுவனம் கணக்கிட்ட இழப்பு 25 முதல் 30 கோடி டாலர்.

ஆகவே ஒரு நகலாவது வலையமைப்புடன் இணைக்கப்படாமல், வேறோர் ஊரில், பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். அந்த நாட்களில் மெர்ஸ்க் ஊழியர்கள் தனிப்பட்ட மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் காகிதத்திலும் வேலையை ஓட்டினார்கள். உங்கள் கிளைகளிலும் ஒருநாள் முழுவதும் சரக்கைக் காகிதத்தில் கையாளத் தேவையான படிவங்கள் அச்சிட்டு வைக்கப்பட்டிருக்கட்டும். கிளை ஒன்றில் ஐயம் எழுந்தால், இணைய இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரம் அங்குள்ள இளநிலை ஊழியருக்கும் இருக்க வேண்டும். இந்தியாவில் சைபர் நிகழ்வைக் கண்டறிந்த ஆறு மணி நேரத்துக்குள் கணினிப் பாதுகாப்பு நிகழ்வுகளைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் பிறப்பிக்கப்பட்ட ஆணை. அந்த அறிக்கையைக் கிளைகள் தனித்தனியாக அனுப்பாமல் தலைமையகம் ஒன்றாக அனுப்புவதே ஒழுங்கு.

கேள்வி (தன்னார்வ அமைப்பு, காரைக்கால்): பேரிடர் வந்ததும் எங்கள் எல்லா மையங்களிலிருந்தும் பொருட்களைத் திரட்டி அனுப்பிவிடுகிறோம். ஆனாலும் எங்களை யாரும் ஒருங்கிணைப்பில் சேர்ப்பதில்லை.

பதில்: திரட்டி அனுப்புவதே சில நேரம் சுமையாகிவிடுகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் வந்து குவிந்த பழைய துணிகளை மீனவக் குடும்பங்கள் தொட மறுத்தன. அவற்றை அப்புறப்படுத்துவதே உள்ளாட்சிக்குத் தனி வேலையாயிற்று. நூற்றுக்கணக்கில் அமைப்புகள் வந்து இறங்கியபோது, மாவட்ட நிர்வாகத்துடன் இணைந்து அங்கே ஓர் ஒருங்கிணைப்பு மையம் தொடங்கப்பட்டது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சினேகா அமைப்பும், அந்தக் கடற்கரையில் ஏற்கெனவே பல ஆண்டுகள் பணியாற்றியவை என்பதால், அதை முன்னின்று நடத்த முடிந்தது. எந்த ஊரில் எந்த அமைப்பு என்ன செய்கிறது என்ற பட்டியல் அதன் பிறகுதான் உருப்பெற்றது. உங்கள் மையங்கள் செய்ய வேண்டியது இதுதான்: பாதிக்கப்பட்ட ஊரின் மையம் தேவையைச் சொல்லும் வரை மற்ற மையங்கள் பணத்தை மட்டும் திரட்டட்டும். அமைதியான மாதங்களிலேயே ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர்ப் பிரிவுக்குச் சென்று உங்கள் பொறுப்பாளரின் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி (மருத்துவமனை நிர்வாகப் பிரிவு, கோயம்புத்தூர்): ஒத்திகை நடத்தப் பணமும் நேரமும் இல்லை. குறைந்தபட்சம் என்ன செய்யலாம்?

பதில்: வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, செப்டம்பரில் ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள். இரண்டு கிளைகளின் பொறுப்பாளர்களையும் தொலைபேசியில் இணைத்து, 'ஜெனரேட்டர் இருக்கும் தளத்தில் தண்ணீர் ஏறுகிறது, தீவிர சிகிச்சைப் பிரிவில் இத்தனை நோயாளிகள்' என்று நிலவரத்தைப் படியுங்கள். கால் மணி நேரம் கழித்துத் தலைமை அதிகாரியை அறையை விட்டு வெளியே அனுப்பிவிடுங்கள். அவருக்குப் பதிலாக யார் பேசுகிறார், அவருக்கு அதிகாரம் உண்டு என்பதை மற்றவர்கள் ஏற்கிறார்களா என்று கவனியுங்கள். அடுத்து ஒரு கிளையின் தொலைபேசியைத் துண்டியுங்கள். எந்த நோயாளியை எந்த வண்டியில், எந்த வழியில் மாற்றுவது என்பதற்கு விடை வராத இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு தேதியும் எழுதுங்கள். ஊழியர், அவர்களின் குடும்பத்தினர் தொலைபேசி எண்கள் அடங்கிய பட்டியல் கணினியில் மட்டும் இருக்கிறதா, அச்சிலும் இருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.